40 கிராம் விலங்குக்குக் காண்டாமிருகத்தின் பெயர்

ஆண்டீஸ் மலையில், ஈக்வடார் நாட்டின் குளிர்ந்த ஈரக்காடுகளில் வாழும் ஒரு சின்ன விலங்கு. உடல் பத்துப் பன்னிரண்டு செ.மீ.; வாலும் ஏறக்குறைய அவ்வளவே. எடை 40 கிராமைத் தாண்டுவது அபூர்வம். பார்வைக்கு மூஞ்சூறு; உண்மையில் கங்காருவுக்குத் தூரத்துச் சொந்தம். பைப்பாலூட்டி இனம்தான், ஆனால் பை கிடையாது!

1863-ல் ராபர்ட் டோம்ஸ் இதற்கு 'ஹைரகோடான்' என்று பெயர் வைத்தார். அழிந்துபோன ஒரு காண்டாமிருக உறவினத்துக்கு அந்தப் பெயரை லெய்டி 1856-லேயே சூட்டியிருந்தார். எனவே பெயர் செல்லவில்லை.

1895-ல் பொகோட்டாவிலிருந்து வந்த இதன் நெருங்கிய இனத்தை ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் ஆராய்ந்தார். படகோனியாவின் புதைபடிவங்களில் மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு கூட்டத்தின் உயிருள்ள வாரிசு என்று கண்டு, 'சீனோலெஸ்டஸ்' எனப் பெயரிட்டார். முப்பத்திரண்டு ஆண்டுகள் ஏட்டில் இருந்தும் அதன் அருமை தெரியவில்லை. மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிதுதான்!