பேஸ் கிடாரும் ஒரு சின்னப் பெட்டியும்



மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கும் பழைய மாணவன் (எட்டாம் வகுப்பு மின்சாரப் பாடத்தில் தூங்கியவன்தான்!) போன வாரம் கேட்டான்: "சார், மேடைக்கு எந்த பிரீஆம்ப் வாங்கட்டும்? நாலு கச்சேரிச் சம்பளம் போயிடும்." இரண்டு நாள் படித்துப் பார்த்தேன்.

1951-ல் லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் வந்தது. பேஸிலிருந்து வரும் மின்சைகை நீளமான கேபிளில் கூர்மை இழக்கும். அதைத் தடுப்பதே டி.ஐ. பெட்டி. 1960-களில் டெட்ராய்ட் மோடவுன் ஸ்டுடியோவில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸை நேரடியாகவே பதிவு செய்தார்கள். ஒலி சுத்தம், ஆம்ப்பின் உறுமல் வேண்டுமென்றால்? 1994-ல் டெக் 21 நிறுவனத்தின் சான்ஸ்ஆம்ப் பேஸ் டிரைவர் டி.ஐ. இரண்டையும் காலடியில் வைத்தது.

"பேரைப் பார்க்காதே. கிரவுண்ட் லிஃப்ட் பொத்தான் இருக்கா பார், கல்யாண மண்டபத்து 'ம்ம்' இரைச்சல் பெரும்பாலும் அதில் அடங்கும்" என்றேன்.

நேற்று பழைய பெட்டி ஒன்றின் படம் அனுப்பினான். பொத்தான் இருக்கிறது. பாதி விலையாம்.