ஊழியம் யாருக்குச் சொந்தம்: உள்ளூர் சபைக்கா, தனி இயக்கத்துக்கா? திருநெல்வேலியின் 200 வருட பஞ்சாயத்து

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் காணிக்கைப் பை வரும். அதே மாதம் வீட்டுக்கு ஒரு மிஷனெரி இயக்கத்தின் பத்திரிகை வரும், கூடவே பணம் அனுப்பும் படிவமும் இருக்கும். தென் மாவட்டக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு இது ரொம்பப் பழகிய விஷயம். தசமபாகத்தை எதில் போடுவது என்று வீட்டுக்குள்ளேயே பேச்சு நடக்கும். 'சபைக்குக் கொடுக்காம வெளியில கொடுக்குறது சரியா?' என்று பெரியவர் கேட்பார். 'சபை செய்யாத வேலையை அவங்கதானே செய்றாங்க' என்று மகன் சொல்வார்.

இந்தக் கேள்வி திருநெல்வேலிக்குப் புதிதல்ல. 1835-ல் இதே விவகாரத்தில் ஒரு பெரிய மிஷனெரியின் வேலையே போனது.

முதலில் யார் யார் என்று பார்த்துவிடலாம்

சபை என்றால் ஒரு ஊரில் கூடி ஆராதிக்கும் மக்கள். அதற்குக் குருவானவர் இருப்பார், அவருக்கு மேல் சேகரம், திருமண்டலம், பேராயர் என்று அடுக்கு உண்டு. ஞானஸ்நானம், திருவிருந்து, திருமணம், அடக்கம் எல்லாம் சபையின் வேலை.

இயக்கம் அல்லது ஊழிய நிறுவனம் என்பது பல சபைகளைச் சேர்ந்தவர்கள் ஒரு குறிப்பிட்ட வேலைக்காகச் சேர்ந்து தொடங்குவது. மிஷனெரி அனுப்புவது, வேதாகமம் அச்சிடுவது, மாணவர்களிடையே வேலை செய்வது, விடுதி நடத்துவது என்று வேலை மாறும். அதற்குத் தனி நிர்வாகக் குழு, தனி வங்கிக் கணக்கு. எந்தப் பேராயருக்கும் அது கட்டுப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை.

ஏன் இரண்டு வேண்டியிருந்தது?

கத்தோலிக்கத் திருச்சபையில் இந்தச் சிக்கல் வேறு விதமாகத் தீர்க்கப்பட்டது. இயேசு சபை, சலேசியர் போன்ற துறவற சபைகள் திருச்சபைக்கு உள்ளேயே இருக்கின்றன. ஒரு மறைமாவட்டத்தில் புதிதாக இல்லம் தொடங்க அந்த ஆயரின் ஒப்புதல் வேண்டும். சீர்திருத்த சபைகள் 16-ம் நூற்றாண்டில் துறவற அமைப்பைக் கைவிட்டன. அதோடு, தொலைதூரத்துக்கு ஆள் அனுப்பும் கருவியும் அவர்கள் கையை விட்டுப் போனது.

அந்த இடத்தை நிரப்பியவர்களில் முக்கியமானவர் வில்லியம் கேரி. 1792-ல் வெளியிட்ட சிறு நூலில், வியாபாரக் கம்பெனி தொடங்குவது போல ஆர்வமுள்ளவர்கள் சேர்ந்து சங்கம் அமைக்கலாம் என்று அவர் யோசனை சொன்னார். அதே ஆண்டு பாப்டிஸ்ட் மிஷனெரி சங்கம் பிறந்தது. 1795-ல் லண்டன் மிஷனெரி சங்கம், 1799-ல் சி.எம்.எஸ். என்று வரிசையாக வந்தன. கம்பெனி மாதிரி தொடங்கியதால் கம்பெனிக்கே உரிய கேள்வியும் கூடவே வந்தது: முதலாளி யார்?

ரேனியஸ் ஐயருக்கு என்ன ஆனது?

சார்லஸ் ரேனியஸ் ஜெர்மானியர், லுத்தரன். அவரை அனுப்பிய சி.எம்.எஸ். சங்கமோ ஆங்கிலிக்கன்காரர்களுடையது. 1814-ல் சென்னைக்கு வந்து, 1820-ல் பாளையங்கோட்டைக்குப் போனார். ஊர் ஊராகச் சபைகள் எழுந்தன, பள்ளிகள் வந்தன. தமிழ் இலக்கணம் எழுதினார், புதிய ஏற்பாட்டைத் திருத்தி மொழிபெயர்த்தார். உபதேசியார்களைப் பயிற்றுவித்து ஊர்களுக்கு அனுப்பினார்.

சிக்கல் குருப்பட்டத்தில் வந்தது. தான் பயிற்றுவித்த தமிழ் உபதேசியார்களுக்கு லுத்தரன் முறைப்படி பட்டம் கொடுக்க ரேனியஸ் விரும்பினார். ஆங்கிலிக்கன் பேராயர்தான் கொடுக்க வேண்டும் என்றது சங்கம். இதற்கு நடுவே, ஆங்கிலிக்கன் சபையைப் பற்றிய ஒரு நூலை விமர்சித்து ரேனியஸ் எழுதி வெளியிட்டார். 1835-ல் சங்கம் அவரை நீக்கியது.

அவர் ஆற்காடு பக்கம் போய்விட்டார். ஆனால் திருநெல்வேலி உபதேசியார்கள் பலர் அவரைத் திரும்ப வரச் சொன்னார்கள், அவரும் வந்தார். விளைவு, சபைகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரே ஊரில் ஒரு பகுதி சங்கத்தோடு, ஒரு பகுதி ரேனியஸோடு. 1838-ல் அவர் இறந்த பிறகு, பிரிந்தவர்களில் பெரும்பாலானோர் மீண்டும் சங்கத்தோடு சேர்ந்துகொண்டனர்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சண்டை லண்டனில் இருந்த சங்கத்துக்கும் அது அனுப்பிய ஊழியருக்கும் நடுவே. ஆனால் பிரிந்து நின்றது நெல்லைக் கிராமத்து சபை மக்கள். தங்களுக்குக் குருவானவராக யார் வரலாம் என்ற முடிவில் அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

ஒரே மாவட்டத்துக்கு இரண்டு பேராயர்கள்

சி.எம்.எஸ். மட்டும் அல்ல, 1701-ல் தொடங்கிய எஸ்.பி.ஜி. சங்கமும் திருநெல்வேலியில் வேலை செய்தது. இரண்டுமே ஆங்கிலிக்கன். ஆனாலும் பாளையங்கோட்டை, மெஞ்ஞானபுரம் சி.எம்.எஸ். பக்கம், நாசரேத், சாயர்புரம், இடையன்குடி எஸ்.பி.ஜி. பக்கம். 1877-ல் சென்னைப் பேராயருக்கு உதவியாக இரண்டு பேரைப் பட்டமேற்றினார்கள். சி.எம்.எஸ். பகுதிக்கு எட்வர்ட் சார்ஜென்ட், எஸ்.பி.ஜி. பகுதிக்கு ராபர்ட் கால்டுவெல். ஆமாம், திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய அதே கால்டுவெல்தான்.

ஒரே மதப்பிரிவு, ஒரே மாவட்டம், இரண்டு சங்கம், அதனால் இரண்டு உதவிப் பேராயர். திருநெல்வேலிக்கென்று தனித் திருமண்டலம் வர 1896 ஆனது.

சாரம் எப்போது பிரிக்க வேண்டும்?

லண்டனில் சி.எம்.எஸ். செயலாளராக 1841 முதல் 30 வருடத்துக்கு மேல் இருந்தவர் ஹென்றி வென். இந்த விவகாரத்தில் இன்றுவரை அதிகம் பேசப்படும் யோசனை அவருடையது. மிஷனெரி சங்கம் என்பது கட்டடத்துக்குப் போடும் சாரம் மாதிரி, சுவர் எழுந்ததும் பிரித்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. உள்ளூர் சபை தன் பணத்தில் நடக்க வேண்டும், தன்னைத் தானே நிர்வகிக்க வேண்டும், தானே ஊழியத்தைப் பரப்ப வேண்டும். இந்த மூன்றும் வந்துவிட்டால் சங்கம் அடுத்த ஊருக்குக் கிளம்பிவிடலாம்.

சொல்வது சுலபம். கட்டடம் முடிந்ததா இல்லையா என்று தீர்ப்பு சொல்லும் அதிகாரம் சாரம் போட்டவரிடமே இருந்தது. அங்கேதான் பல இடங்களில் வேலை இழுத்தடித்தது.

வெளியே தொடங்கி உள்ளே வந்தவர்

வேதநாயகம் சாமுவேல் அசரியா கதை இந்த விவாதத்தில் இரண்டு தரப்புக்கும் உதவும். 1874-ல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். முதலில் வேலை செய்தது ஒய்.எம்.சி.ஏ.வில், அதாவது எந்த சபைக்கும் உட்படாத ஒரு நிறுவனத்தில். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னணியில் நின்றார். வெள்ளைக்காரர் பணமோ நிர்வாகமோ இல்லாமல், திருநெல்வேலி சபை மக்களின் காணிக்கையில் நடந்த சங்கம் அது. ஆள் அனுப்பிய இடம் நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல், இப்போது தெலங்கானா. 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கம் தொடங்கியபோதும் அசரியா இருந்தார். இது பல சபையினருக்கும் பொதுவானது.

1909-ல் அவரே தோர்ணக்கலுக்கு மிஷனெரியாகப் போனார். 1912-ல் அங்கே பேராயர் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்தான்.

இயக்கத்தின் பக்கம் பேசுபவர்கள், 'வெளியில் தொடங்காவிட்டால் தோர்ணக்கல் நடந்திருக்குமா?' என்பார்கள். சபையின் பக்கம் பேசுபவர்கள், 'கடைசியில் அது சபையாகத்தானே நிலைத்தது?' என்பார்கள். இரண்டுமே உண்மை. ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. இந்திய மிஷனெரி சங்கம் வெளியே தனியாக மிதக்கவில்லை. திருநெல்வேலி சபைகளோடு கட்டப்பட்டே இருந்தது. பணம் கொடுத்தவர்கள் யார், கணக்கு கேட்பவர்கள் யார் என்பது தெளிவாக இருந்தது. இன்றைய பல இயக்கங்களில் இல்லாதது அந்தக் கயிறுதான்.

பைபிள் என்ன சொல்கிறது?

இரண்டு தரப்பும் காட்டுவது ஒரே பகுதியை, அப்போஸ்தலர் நடபடிகள் 13-ம் அதிகாரத்தை. பவுலையும் பர்னபாவையும் அந்தியோகியா சபை கை வைத்து அனுப்பியது. ஆக அனுப்பும் உரிமை சபைக்கு என்கிறது ஒரு தரப்பு. அனுப்பிய பிறகு எந்த ஊருக்குப் போவது, யாரைச் சேர்த்துக்கொள்வது என்று பவுலின் குழுவே முடிவெடுத்தது என்கிறது இன்னொரு தரப்பு. ஆனால் 14-ம் அதிகாரத்தின் முடிவில் அவர்கள் அந்தியோகியாவுக்குத் திரும்பி வந்து, சபையைக் கூட்டி நடந்ததைச் சொல்கிறார்கள். இந்தப் பகுதியை இயக்கக் கூட்டங்களில் கொஞ்சம் கூடுதலாகவே வாசிக்கலாம்.

உலக அளவில் 1961-ல் டெல்லியில் ஒரு பெரிய முயற்சி நடந்தது. மிஷனெரி சங்கங்களை இணைத்த சர்வதேச மிஷனெரி கவுன்சில், உலகத் திருச்சபைகள் மாமன்றத்தோடு ஒன்றாக்கப்பட்டது. ஊழியம் திருச்சபையின் வேலை, தனிச் சங்கங்களின் வேலை அல்ல என்பதே அதன் அடிப்படை. எல்லோரும் ஏற்கவில்லை. 1973-ல் சியோலில் அமெரிக்க அறிஞர் ரால்ஃப் விண்டர், சபையும் ஊழியக் குழுவும் இரண்டுமே தேவையான இரு அமைப்புகள் என்று வாதிட்டார். சுயாதீன இயக்கங்கள் இன்றுவரை அதிகம் பிடித்துக்கொள்வது இந்த வாதத்தைத்தான்.

இப்போது ஏன் இது முக்கியம்?

பணம். வெளிநாட்டிலிருந்து நிதி வாங்க சபை அமைப்பாக இருந்தாலும் தனி நிறுவனமாக இருந்தாலும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, அப்படி வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றித் தர முடியாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. பணம் டெல்லியில் உள்ள எஸ்.பி.ஐ. முதன்மைக் கிளைக் கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும்.

முன்பு பெரிய நிறுவனம் வெளியிலிருந்து வாங்கி, கிராமத்துச் சபைக்கோ சிறிய அமைப்புக்கோ பிரித்துக் கொடுக்கலாம். அந்த வழி அடைபட்டுவிட்டது. பதிவு வைத்திருப்பவர் தானே நேரடியாக வேலை செய்ய வேண்டும், இல்லையென்றால் உள்ளூர் சபை தன் மக்களின் காணிக்கையில் நடத்த வேண்டும். ஹென்றி வென் சொன்ன மூன்றில் முதலாவது, இப்போது சட்டத்தின் வழியாக வந்து நிற்கிறது.