பாமினியும் பைதானும்: மூலநிரலைப் பாகுபடுத்தி வாசித்தல்

புலம்பெயர்ந்த தமிழர்களின் கணினிகளில் பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ் இன்னமும் ஏராளமாகக் கிடக்கிறது. பாமினியில் தமிழுக்கென்று தனிக் குறியெண் இல்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வரைந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். திரையில் 'தமிழ்' என்று தெரிவது கணினிக்கு ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. எழுத்துரு இல்லாத கணினியில் அது வெறும் குப்பை.

சாதாரண ஆவணங்களை யூனிகோடுக்குக் கொண்டுவர மாற்றிகள் பல உண்டு. சிக்கல், நிரலுக்குள் புதைந்திருக்கும் தமிழில்தான். சிட்னியில் ஒரு தமிழ்ப் பள்ளியின் பயிற்சி நிரல்கள் அப்படித்தான் என்னிடம் வந்தன. எழுதிய மொழி பைதான். வினா விடைகள் பாமினி. கோப்பை அப்படியே மாற்றியில் போட்டால், பைதானின் நிபந்தனைச் சொல்லான 'இஃப்' பாமினிக் கணக்கில் 'கை' ஆகிவிடும். 'ஃபார்' என்பது 'கழச' ஆகும். நிரல் ஓடாது. மேற்கோள் குறிக்குள் இருப்பதை மட்டும் மாற்றலாமே என்றால், படக்கோப்புகளின் பெயர்களும் மேற்கோளுக்குள்தான் இருக்கின்றன.

எழுத்தைப் பார்த்து இதைத் தீர்க்க முடியாது, இலக்கணம் வேண்டும். ஒரு சொல் எழுவாயா செயப்படுபொருளா என்பதை வாக்கியத்தில் அது நிற்கும் இடம் சொல்வதுபோல, நிரலிலும் இடமே பொருளைச் சொல்லும். அந்த வேலையைச் செய்வது பார்ஸர். பைதானுடன் சேர்ந்தே வரும் 'ஏ.எஸ்.டி' நிரலகம் மூலநிரலை ஒரு மரமாக விரித்துத் தருகிறது. ஒவ்வொரு சரமும் எந்த வரியில் இருக்கிறது, எந்தச் செயற்கூற்றுக்கு உள்ளீடாகப் போகிறது என்பதெல்லாம் அதில் தெரியும். திரையில் காட்டும் செயற்கூற்றுக்குப் போனால் தமிழ். கோப்பைத் திறக்கும் செயற்கூற்றுக்குப் போனால் கை வைக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை மூன்று.

ஒன்று, மாற்றங்களைக் கோப்பின் கடைசியிலிருந்து மேல்நோக்கிச் செய்யவேண்டும். இல்லையென்றால் பின்னால் வரும் இடங்கள் நகர்ந்துவிடும்.

இரண்டு, 'ஏ.எஸ்.டி' வரிக்குள் இடத்தைச் சொல்லும்போது எண்ணுவது எழுத்துகளை அல்ல, யூ.டி.எஃப்-8 பைட்டுகளை. யூனிகோடில் 'தமிழ்' 5 குறியெண்கள். ஆனால் 15 பைட்டுகள். ஏற்கெனவே யூனிகோட் தமிழ் கலந்த கோப்பில் இதை மறந்தால் வெட்டு தவறான இடத்தில் விழும்.

மூன்று, இந்த மரத்தில் நிரலாளர் எழுதிவைத்த குறிப்புரைகள் இடம்பெறா. எந்தப் பாடம் எந்த வயதினருக்கு என்று ஆசிரியர்கள் எழுதியிருந்ததெல்லாம் அந்தக் குறிப்புரைகளில்தான். அவற்றை 'டோக்கனைஸ்' என்ற துணை நிரலகத்தின் வழியே தனியாக எடுக்கவேண்டும். உரை இல்லாத நிரல் உரை இல்லாத செய்யுள் போல. இதே சிட்னியில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் 1970களில் யுனிக்ஸ் ஆறாம் பதிப்பின் மூலநிரலுக்கு எழுதிய விளக்கவுரையை உலகெங்கும் மாணவர்கள் நகலெடுத்துப் படித்தார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

முடிவில் ஒரு சோதனை. பழைய கோப்பு, புதிய கோப்பு இரண்டின் மரங்களையும் எடுத்து, சரங்களின் உள்ளடக்கத்தை மட்டும் மறைத்துவிட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் நிரலின் கட்டமைப்பு சிதையவில்லை என்று நம்பலாம். தமிழ் சரியாக வந்திருக்கிறதா என்பதை மட்டும் தமிழ் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து வாசித்துத்தான் சொல்லவேண்டும்.