காவலுக்கு என்ன கூலி?

நம் கல்லூரி வாயிலில் இரவுக் காவல் பார்க்கும் முதியவர் ஜவ்வாது மலைக்காரர். ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவர், நிலத்தை மகனிடம் விட்டுவிட்டுச் சமவெளிக்கு இறங்கிவிட்டார். ஒரு மாலை, மாணவர்க்குக் காட்டிய நடுகல் படங்களோடு நாம் வெளியே வந்தபோது, ஒன்றை வாங்கிப் பார்த்தவர், “இவரும் காவல்காரர்தானா ஐயா? என்ன சம்பளம் குடுத்தாங்க?” என்று கேட்டார். பல்லாண்டுகளாக வெட்சி, கரந்தை என்று பாடம் நடத்திவரும் நமக்கு அந்த வினா தோன்றியதே இல்லை.

அவர் கையிலிருந்தது எடுத்தனூர்க் கல்லின் படம். ஜவ்வாது மலையில் பிறக்கும் செய்யாறு கீழிறங்கிப் பாயும் செங்கம் வட்டாரத்தில், மேலே காடும் கீழே மேய்ச்சல் நிலமுமாக இருந்த காலத்தில், மந்தையே செல்வம். அதைக் கவர வந்தவரோடு பொருது மாண்டவர் பலர். தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ நூலில் அவர்களைக் காணலாம். எடுத்தனூர்க் கல் மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காத்து நின்று உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்டது. அவன் அருகே ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் கல்வெட்டுச் சொல்கிறது. நாயின் பெயரையும் மறவாமல் வெட்டிவைத்த அந்த மக்களை நினைக்குந்தோறும் நமக்கு நெகிழ்ச்சி உண்டாகும். ஆயினும் முதியவரின் வினாவுக்கு இந்தக் கல்லில் விடையில்லை.

விடை வேறு கல்வெட்டுகளில் கிடைக்கிறது. போரிலோ காவலிலோ மாண்டவரின் குடும்பத்துக்கு ஊரார் விட்ட நிலத்துக்கு நெய்த்தோர்ப்பட்டி என்று பெயர். உதிரப்பட்டி என்றும் வழங்கியது. நெய்த்தோர் என்பது குருதி. கன்னட நாட்டிலும் இதே வழக்கம் ‘நெத்தரு கொடகி’ என்ற பெயரில் இருந்திருக்கிறது. காத்தவன் இறந்தபின் வீட்டாருக்கு வந்து சேர்ந்த ஊதியம் அது.

உயிரோடிருந்து காப்பவனுக்கான ஊதியம் சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ என்ற வரியாகத் தெரிகிறது. ஊர் கொடுக்க வேண்டியது அது. பின்னாளில் அது ஓர் உரிமையாகவே மாறிவிட்டது. புதுக்கோட்டைப் பகுதியில் ஊரார் தம் பாடிகாவலை அரையர்களுக்கு விலைக்கு விற்றதைக் கல்வெட்டுகள் சொல்கின்றன. அதாவது, காப்பவனே பணம் கொடுத்து அவ்வேலையை வாங்கினான். அதில் வரும்படி இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

இந்த முறை மாநகரத்துக்கும் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி தன் சென்னைப்பட்டினத்தைக் காக்கப் பெத்த நாயக்கன் என்ற பரம்பரைக் காவலதிகாரியை வைத்திருந்தது. 1659இல் அவருக்குக் கீழே 50 சேவகர்கள். ஊதியமாக வரியில்லாத 18 நெல்வயல்களும், அரிசி, மீன், எண்ணெய், பாக்கு முதலிய பண்டங்களின்மேல் சிறு மகமையும் கிடைத்தன. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது: நகரில் களவுபோன பொருள் கிடைக்காவிட்டால் அவரே ஈடுகட்ட வேண்டும். வயலும் மகமையும் பெற்றவருக்கு அது தாங்கக்கூடிய சுமைதான். பெத்தநாயக்கன்பேட்டை என்ற பெயரில் அவர் இன்னும் சென்னையில் இருக்கிறார். பிறகு 1859ஆம் ஆண்டின் சென்னைக் காவல் சட்டம் மாதச் சம்பளம் வாங்கும் காவல்துறையைக் கொண்டுவந்தது. நிலமும் பண்டமும் ரொக்கமாயின.

தனியார் காவல் நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அந்நிறுவனங்கள் உரிமம் பெற வேண்டும். நம் முதியவரும் அத்தகைய ஒரு நிறுவனத்தின் ஆள். கல்லூரி நிறுவனத்துக்குக் கொடுக்கிறது, நிறுவனம் பிடித்தம்போக அவருக்குக் கொடுக்கிறது.

மறுவாரம் இவற்றையெல்லாம் அவரிடம் சொன்னோம். 18 வயல் என்றதும் சிரித்தார். ஈடுகட்டும் நிபந்தனையைச் சொன்னபோது சிரிக்கவில்லை. விடுதிக் கிணற்றடியில் மோட்டார் ஒயர் களவுபோனதற்காக அவர் சம்பளத்தில் மூன்று மாதம் பிடித்தார்களாம். “அது மட்டும் அப்பத்திலிருந்தே இருக்குதுங்களா ஐயா?” என்று கேட்டுவிட்டு, வந்த வண்டிக்குக் கதவு திறக்க எழுந்து போனார்.