குளூராக் ஏன் தோற்றது?

1999இல் பொக்கிமோன் அட்டைகள் ஜேர்மனிக்கு வந்தபோது பள்ளிக்கூட இடைவேளைகளில் ஓர் அட்டைக்குத்தான் ராஜமரியாதை: குளூராக். கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு அது சாரிசார்ட். பெயர் எதுவாக இருந்தாலும் படம் ஒன்றுதான்: வாயில் நெருப்போடு நிற்கும் செம்மஞ்சள் பறவைநாகம். அதன் உயிர் 120. அந்த முதல் தொகுப்பில் இதற்கு மேல் வேறெந்த அட்டைக்கும் உயிர் இல்லை. ஒரு தாக்குதலுக்கு 100 அடி. எதிரில் நிற்கும் அநேகமான அட்டைகளை ஒரே அடியில் விழுத்த அது போதும்.

நான் படித்தது பானில். அங்கே ஒரு குளூராக்குக்குப் பத்து, பதினைந்து அட்டைகளை அள்ளிக் கொடுக்கப் பிள்ளைகள் தயாராக இருந்தார்கள். "இந்த மட்டைக்கா இவ்வளவு அடிபாடு?" என்று அம்மாமார் கேட்பார்கள். அதுவும் நியாயமான கேள்விதான்.

ஆனால் பெரியவர்கள் விளையாடிய போட்டிகளில் கதை வேறு. அந்தக் காலத்தில் பலரை வெல்ல வைத்த ஒரு கட்டுக்கு ஹேமேக்கர் என்று பெயர். அதில் குளூராக் இல்லை. நொக்சான் இருந்தது. குத்துச்சண்டைக் கையுறை போட்ட, யாரும் திரும்பிப் பார்க்காத அட்டை. உயிர் 70. சின்ன அடி 20.

ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். குளூராக்கை நேரே மேசையில் வைக்க முடியாது. முதலில் குளுமாண்டா, அடுத்த முறை குளுடெக்சோ, அதற்கடுத்த முறைதான் குளூராக். அதன் தாக்குதலுக்கு நான்கு நெருப்புச் சக்தி அட்டைகள் வேண்டும். ஒரு முறைக்கு ஒன்றுதான் போடலாம். ஆகவே வழமையாக நான்காவது முறையில்தான் முதல் அடி. நொக்சானுக்கு ஒரேயொரு சக்தி அட்டை போதும், முதல் முறையிலேயே அடிக்கத் தொடங்கும். குளூராக் வாயைத் திறக்கும்போது அது ஏற்கெனவே அடி வாங்கியிருக்கும். சரி, இப்போது 100 அடி, நொக்சான் விழுந்துவிட்டது. ஆனால் அந்த ஓர் அடிக்காகக் குளூராக் இரண்டு சக்தி அட்டைகளைக் கழிக்க வேண்டும். அவற்றைத் திரும்பச் சேர்க்க இன்னும் இரண்டு முறை. அதற்குள் எதிராளி எலெக்டெக்கை இறக்கிவிடுவார். போதாக்குறைக்கு, உங்கள் சக்தி அட்டையைப் பிடுங்கி எறியும் உதவி அட்டைகளும் அவர் கையில் இருக்கும். நான்கு சேர்த்தால்தான் அடிக்கலாம் என்ற அட்டைக்கு, ஒன்றைப் பிடுங்கினாலே ஒரு முறை போச்சு.

அட்டையில் அச்சடித்திருக்கும் எண்ணைப் பார்த்துப் பலத்தைச் சொல்ல முடியாது என்பது இப்போது எல்லோரும் சொல்லும் விடயம். 1993இல் அது யாருக்கும் இவ்வளவு தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆண்டு ஓகஸ்டில் வெளிவந்த மஜிக்தான் இந்த வகை விளையாட்டுகளுக்கெல்லாம் முதல். ஜேர்மன் அட்டைகளில் அதன் பெயர் 'மஜிக்: டீ சுசம்மென்குன்ஃப்ட்'. உருவாக்கியவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட், கணிதத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். ஒவ்வோர் உயிரின அட்டையின் மூலையிலும் இரண்டு எண்கள். முதலாவது எவ்வளவு தாக்கும், இரண்டாவது எவ்வளவு தாங்கும். மேலே அதை இறக்க எவ்வளவு 'மனா' செலவாகும் என்பது. மனா நிலங்களிலிருந்து வரும், ஒரு முறைக்கு ஒரு நிலம்தான் வைக்கலாம். எனவே மனா என்றால் நேரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த முதல் தொகுப்பிலேயே ஒரு வேடிக்கை இருந்தது. கிரிஸ்லி கரடிக்கு 2 மனா, பலம் 2/2. கிரே ஓகருக்கு 3 மனா, பலம் அதே 2/2. வேறு எந்தச் சிறப்பும் இரண்டுக்கும் இல்லை. நிறம் வேறு: பச்சையில் விலங்குகள் மலிவு, சிவப்பில் இடி நெருப்பு மலிவு என்பது வடிவமைப்பின் எண்ணம். ஆனால் விளையாடியவர்கள் மெல்ல மெல்லக் கரடியை ஓர் அளவுகோலாக்கிவிட்டார்கள். இன்றைக்கும் 2 மனாவுக்கு 2/2 வரும் எந்த அட்டையையும், அது மனிதனோ பூதமோ, 'கரடி' என்றே சொல்வார்கள். புது அட்டை வந்தால் முதல் கேள்வி, இது கரடியை விட மேலா கீழா? எஞ்சினியரிங் படித்தவர்களுக்கு இது பழக்கமான வேலை. தெரியாத ஒன்றை அளக்க, தெரிந்த சாதாரணமான ஒன்றைப் பக்கத்தில் வைப்பது.

1996இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டியில் போல் ஸ்லை என்பவர் ஒரு சிவப்புக் கட்டோடு வந்து முன்னணிக்குப் போனார். கட்டை வடிவமைத்தவர் ஜே ஷ்னைடர். அதிலிருந்த அட்டைகளைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்கும். அயர்ன்கிளோ ஓர்க்ஸ் என்று ஒன்று: 2 மனாவுக்கு 2/2, அதாவது கரடி. ஆனால் தாக்குபலம் 2 அல்லது அதற்கு மேல் உள்ளதை மறிக்க அதற்குத் துணிவில்லை. கரடியிலும் மட்டமான கரடி. அந்தக் கட்டில் அது பிழைத்தது எப்படி? ஷ்னைடர் அட்டைகளைத் தனித்தனியாக நிறுக்கவில்லை. முதல் முறையில் 1 மனா அட்டை, இரண்டாவதில் 2 மனா அட்டை என்று எந்த முறையிலும் மனா வீணாகாதபடி அடுக்கினார். மறிக்கப் பயந்தாலும் பரவாயில்லை, அந்தக் கட்டு மறிக்கவே போவதில்லை, தாக்கிக்கொண்டே இருக்கும். இன்று 'மனா வளைவு' என்று எல்லோரும் சொல்வது பரவலானது இந்தக் கட்டுக்குப் பிறகுதான்.

இதை நம் வீட்டுப் பெரியவர்களிடம் சொன்னால் ஆச்சரியப்பட மாட்டார்கள். உங்கள் அப்பாவோ மாமாவோ 304 விளையாடுபவராக இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தக் கடுதாசி விளையாட்டில் ராசாவுக்கு 3 புள்ளி, ராணிக்கு 2. ஜாக்குக்கு 30. ஒன்பதுக்கு 20. ஏசு 11, பத்து 10. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. படத்தில் முடி வைத்திருப்பவருக்கு அங்கே மதிப்பே இல்லை. அதோடு, முதல் நாலு சீட்டைப் பார்த்ததும் கேள்வி கேட்டு, துரும்பைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும். துரும்பு எதுவென்று தெரியும்வரை கையிலிருக்கும் சீட்டு எதன் பலத்தையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஜேர்மன்காரரின் ஸ்காட் இதைவிடச் சுவாரசியம். 1800களின் தொடக்கத்தில் அல்டென்பேர்க் நகரில் உருவான விளையாட்டு அது. வழமையான ஆட்டத்தில் நாலு ஜாக்கும் எப்போதும் துரும்பு, ஏசுவையும் வெட்டும். ஆனால் எண்ணும்போது ஜாக்குக்கு 2 புள்ளிதான், ஏசுக்கு 11. பலம் ஒன்று, மதிப்பு இன்னொன்று. இதை மனதில் வைத்திருங்கள், கடைசியில் தேவைப்படும்.

துரும்பு மாறினால் சீட்டின் பலம் மாறுவதுபோல, சுற்றியிருக்கும் அட்டைகள் மாறினால் உயிரினத்தின் பலமும் மாறும். சேரா தேவதை என்று மஜிக்கில் ஓர் அட்டை. 5 மனா, 4/4, பறக்கும், தாக்கப் போனாலும் களைக்காமல் காவலுக்கும் நிற்கும். இது அளவுக்கு மீறிப் பலமானது என்று 1997இல் அடிப்படைத் தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். 2001இல் திரும்ப வந்தது. அட்டையின் பலத்தில் ஓர் எண்கூட மாறவில்லை. ஆனால் இப்போது அதைக் கண்டு யாரும் நடுங்கவில்லை. மற்ற உயிரினங்கள் வளர்ந்துவிட்டன. 1 மனாவுக்கு வரும் கெர்ட் ஏப் என்ற குரங்கு ஒரு காலத்தில் ஒரு போட்டிப் பிரிவில் தடைசெய்யப்பட்டிருந்தது. 2005இல் அதுவும் சாதாரணத் தொகுப்பில் வந்து உட்கார்ந்துகொண்டது.

இவ்வளவையும் படித்துவிட்டு, சின்ன அட்டைதான் எப்போதும் நல்லது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பானிலிருந்து ரயிலில் அரைமணி நேரத்தில் போகக்கூடிய கொலோன் நகரத்து இளைஞர் ஒருவர் அதற்குப் பதில் வைத்திருந்தார்.

காய் புடே. 1999இல் ஜப்பானில் நடந்த மஜிக் உலகப் போட்டியில் வென்றவர். பிறகு புரோ டூர் எனப்படும் பெரும் போட்டிகளில் மொத்தம் ஏழு முறை வென்றார். 1999இல் அவர் கட்டில் இருந்தது ஒரு பறவைநாகம்: கவெற்றஸ் டிராகன். 5 மனா, 6/5, பறக்கும். ஆனால் பேராசை பிடித்தது. உங்களிடம் கருவி அட்டை ஒன்றும் இல்லாமல் போனால் அது செத்துவிடும்.

கரடி அளவுகோலை வைத்துப் பார்த்தால் பெரிய உடம்பு, பெரிய குறை, சந்தேகமான அட்டை. புடேயின் கட்டில் வைத்துப் பாருங்கள். அதில் மனா கொடுக்கும் கருவி அட்டைகள் நிறைய. ஆகவே குறை குறையாகவே இல்லை. அதே கருவிகளால் நாகம் நிலத்தை மட்டும் நம்பியிருப்பதைவிட முந்தியே இறங்கிவிடும். அடுத்து வருவது வைல்ட்ஃபயர் என்ற மந்திரம். இரண்டு பேரும் நான்கு நிலங்களை இழக்க வேண்டும், மேசையிலுள்ள ஒவ்வோர் உயிரினத்துக்கும் 4 அடி. எதிராளிக்கு நிலமும் போச்சு, உயிரினங்களும் போச்சு. புடேக்கும் நிலம் போச்சு, ஆனால் கருவிகள் மனா கொடுத்துக்கொண்டே இருக்கும். நாகம்? அது தாங்குவது 5. விழுந்த அடி 4. அது மட்டும் வெறும் மேசைக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்.

மூலையிலிருக்கும் அந்த 5, 4 ஆக இருந்திருந்தால் இந்தக் கட்டில் அந்த நாகத்துக்கு வேலையில்லை. வேறு கட்டில் அந்த வித்தியாசத்தை யாரும் கவனித்திருக்கவும் மாட்டார்கள். குளூராக்கும் பறவைநாகம்தான், இதுவும் பறவைநாகம்தான். ஒன்று உங்கள் சக்தியைத் தின்றுகொண்டு காத்திருக்க வைக்கும். மற்றது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு இயந்திரத்தின் கடைசிப் பல்லுச்சக்கரம்.

இனி அந்த ஸ்காட் ஜாக். முதல் தொகுப்பின் முதல் பதிப்புக் குளூராக், கீறல் இல்லாமல் இருந்தால், இன்றைக்கு இலட்சக்கணக்கான டொலருக்கு ஏலம் போகிறது. அந்த விலைக்கும் அதன் பலத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. எண்ணிக்கை குறைவு, அன்றைய பிள்ளைகள் இன்று சம்பளம் எடுக்கிறார்கள், அவ்வளவுதான். விற்கப் போகிறீர்கள் என்றால் விலையைப் பாருங்கள், விளையாடப் போகிறீர்கள் என்றால் நொக்சானைத் தேடுங்கள். நொக்சானைக் கொடுத்துவிட்டு மினுங்கும் அட்டையை வாங்கிக்கொண்டு போகும் தம்பிமாரை இன்றும் பான் கடைகளில் பார்க்கிறேன். எதிர்ப்பக்கத்தில் இருப்பவன் அநேகமாக இரண்டு வயது கூடியவன், அவனுக்கு இந்தக் கணக்கு தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன்.

புடே 2001இல் ஓர் அழைப்புப் போட்டியிலும் வென்றார். அதன் பரிசு, தானே ஓர் அட்டையை வடிவமைப்பது. அது 2002இல் வொய்ட்மேஜ் புரொடிஜி என்று வெளிவந்தது, அதிலுள்ள மந்திரவாதிக்குப் புடேயின் முகம். 2 மனா, 2/1. அளவுகோலில் கரடிக்கும் ஒரு படி கீழே. ஆனால் இரண்டு மனா செலுத்தி ஒரு மந்திரவாதியைப் பலி கொடுத்தால், எதிராளி போடும் எந்த மந்திரத்தையும் அது நடக்கவிடாமல் மறித்துவிடும். அவர் வைல்ட்ஃபயர் போட்டாலும் சரி, பறவைநாகத்தை இறக்கினாலும் சரி.