காலதர்: புதுச்சேரிக் கட்டடங்களும் கடற்காற்றும்

சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையைப் பாடம் நடத்தும்போதெல்லாம் நாம் சற்று நின்று செல்லும் சொல் ஒன்றுண்டு: காலதர். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்று வரும் வழி என்பதால் சாளரத்துக்கு அப்பெயர். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண் போன்ற துளைகளையுடைய காலதர்கள் இருந்தன என்று இளங்கோவடிகள் குறிக்கிறார். சென்ற ஆண்டு இதை விளக்கிக்கொண்டிருந்தபோது மாணவர் ஒருவர் எழுந்து, "அய்யா, சன்னல் வெளிச்சத்துக்குத்தானே? காற்றுக்குத்தான் ஃபேன் இருக்கிறதே!" என்றார். வகுப்பு சிரித்தது, நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பிறகுதான் அக்கேள்வி உறுத்தத் தொடங்கியது. காற்று வரும் வீட்டைக் கண்டறியாத தலைமுறைக்குக் காலதர் என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்? அடுத்த சனிக்கிழமை பன்னிரண்டு மாணவர்களுடன் புதுச்சேரிக்குப் புறப்பட்டோம்.

புதுச்சேரியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. காவிரிப்பூம்பட்டினத்தைக் காப்பியம் இரண்டு பாக்கங்களாகப் பிரித்துக் காட்டுகிறது. கடலையொட்டியது மருவூர்ப்பாக்கம், யவனர் இருக்கைகள் அங்குண்டு. உட்பகுதியில் இருப்பது பட்டினப்பாக்கம். இரண்டுக்கும் நடுவே நாளங்காடி. புதுச்சேரியின் பழைய நகரமும் அவ்வாறே இரண்டாகக் கிடக்கிறது. கடலோரம் ஐரோப்பியர் வாழ்ந்த பகுதி, மேற்கே தமிழர் பகுதி, நடுவே பெரிய வாய்க்கால். ஒப்புமையை இதற்கு மேல் இழுப்பது முறையன்று. புகாரில் பாக்கங்களைப் பிரித்தது வாணிகமும் தொழிலும். இங்கே வாய்க்காலின் இரு கரைகளையும் பிரித்தது நிறம். வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே பெயரிட்டிருந்தார்கள்.

செங்குத்தாக வெட்டிக்கொள்ளும் நேர்வீதிகள் பிரெஞ்சுக்காரரின் கொடை என்றுதான் நாமும் நெடுங்காலம் நம்பியிருந்தோம். 1693 முதல் 1699 வரை இவ்வூர் டச்சுக்காரர் கையில் இருந்தது. அவ்வாண்டுகளில் வரையப்பட்ட நகரப் படங்களை ஆராய்ந்து, கட்டம் கட்டமான இந்த அமைப்புக்கு மூலம் டச்சுத் திட்டமே என்று பிரெஞ்சு ஆய்வாளர் ழான் தெலோஷ் நிறுவினார். திரும்பப் பெற்றவர்கள் அதன்மேல் நகரை வளர்த்தார்கள். கிழக்கு மேற்காக ஓடும் வீதிகள் கடலை நோக்கித் திறந்திருப்பதால், பிற்பகலில் எழும் கடற்காற்று தடையின்றி ஊருக்குள் நுழைகிறது. ஊருக்கே காலதர் வைத்தது போல என்று மாணவர்களிடம் சொன்னோம். கேள்வி கேட்ட மாணவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

இன்று சுற்றுலாப் பயணியர் படம் பிடிக்கும் மஞ்சள் சுவர் மாளிகைகள் துய்ப்ளேக்ஸ் காலத்தவை என்று நினைப்பது பெரும்பாலும் பிழை. துய்ப்ளேக்ஸ் 1742 முதல் 1754 வரை ஆளுநராக இருந்தவர். அவர் கண்ட நகரம் 1761-இல் அழிந்துபோயிற்று. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்திருந்தார். 1761 ஜனவரி 16-ஆம் நாள் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. பிறகு அவர்கள் அதற்குப் பழி தீர்த்தார்கள். கோட்டை, ஆளுநர் மாளிகை, வீடுகள், தேவாலயம் எல்லாம் மண்மேடாயின. ஊர் 1765-இல் திரும்பக் கிடைத்த பிறகே மீண்டும் கட்டத் தொடங்கினார்கள். மாதா கோயிலாகிய சம்பா கோயில் இன்றைய வடிவில் எழுந்து முடிந்தது 1791-இல். (சம்பா என்பது சாம் போல், அதாவது புனித பவுல் என்ற பெயர் தமிழ் நாவில் பட்ட பாடு. நெல்லுக்கும் அதற்கும் தொடர்பில்லை.)

அழித்தவர்கள் ஆங்கிலேயர் மட்டுமல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையிட்டிருந்தபோது, வேதபுரீசுவரர் கோயிலைப் பிரெஞ்சு அதிகாரத்தார் இடித்தனர். அச்செய்தியை மனம் நொந்து எழுதி வைத்தவர் துய்ப்ளேக்ஸின் தலைமைத் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை. இடிக்க உத்தரவிட்டவரின் பணியில் இருந்துகொண்டே இடிப்பைப் பற்றித் தம் நாட்குறிப்பில் எழுதியவர் அவர். அந்தத் தர்மசங்கடத்தைத் தமிழ் உரைநடையில் வேறெங்கும் இவ்வளவு அருகிலிருந்து நாம் கண்டதில்லை. கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயர்ந்த கருங்கல் தூண்களைப் பாருங்கள். அவை செஞ்சியிலிருந்து கொண்டுவரப்பட்டவை. ஓரிடத்தில் மண்டபத்தைத் தாங்கி நின்றவை இன்னோரிடத்தில் எதையும் தாங்காமல் நிற்கின்றன.

பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். நகரம் வீழ்ந்த அதே 1761 ஜனவரியில் மறைந்தார். அவர் வீடு மட்டும் தப்பியது. ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கும் அவ்வீடு 1730-களின் இறுதியில் கட்டப்பெற்றது. கீழ்த்தளம் முழுவதும் தமிழ் மரபு: முற்றத்தைச் சுற்றிச் செதுக்கிய மரத் தூண்கள், தாழ்ந்த கூடம். மேல்தளத்துக்கு ஏறினால் சுதைபூசிய ஐரோப்பியத் தூண்கள். கீழே உறவினரும் வணிகரும் தமிழில் பேசியிருப்பார்கள். மேலே துரைமார் வந்து அமர்ந்திருப்பார்கள். துபாஷி என்றால் இரு மொழியாளன். அவர் வீடும் இரு மொழி பேசுகிறது.

வாய்க்காலைக் கடந்து மேற்கே வந்தால் தமிழ் வீடுகள். வீதியிலிருந்து வீட்டுக்குள் நுழைவதற்கு மூன்று படிநிலைகள் உண்டு. முதலில், மரக்கால்கள் தாங்கும் ஓட்டுச் சரிவின் கீழ் தாழ்வாரம். வழிப்போக்கர் யாரும் மழைக்கு ஒதுங்கலாம். அடுத்துத் திண்ணை, அறிமுகமானவர் அமரலாம். கதவைத் தாண்டினால் ரேழி, அப்பால் முற்றம். அங்கே வர உறவோ அழைப்போ வேண்டும். வைசியாள் வீதியில் ஐரோப்பிய ஒன்றிய உதவியுடன் 2000-களின் தொடக்கத்தில் முகப்புகளைச் சீரமைத்தார்கள். அங்கு நின்று பார்த்தால் ஒரு வீட்டின் தாழ்வாரம் அடுத்த வீட்டின் தாழ்வாரத்தோடு கை கோத்துச் செல்வது தெரியும். வீதி முழுதும் ஒரே நிழல்.

முற்றத்தின் வேலையை மாணவர்களுக்கு விளக்கியது, ஒரு வீட்டில் கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடைவைதான். முன்வாசலும் பின்வாசலும் திறந்திருந்தன. முற்றத்துச் சூடான காற்று மேலெழுந்து வானுக்குப் போக, வாசல் வழியே குளிர்ந்த காற்று உள்ளே இழுக்கப்பட்டது. புடைவை ஆடிக்கொண்டே இருந்தது. வெளியே வீதியில் இலை அசையவில்லை.

இவ்வீடுகளின் கூரையையும் சொல்ல வேண்டும். தேக்கு விட்டங்களின்மேல் சிறு கட்டைகளை நெருக்கிப் பரப்பி, அவற்றின்மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி, மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்குவர். மேலே செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைத் தெளித்து நாள்கணக்கில் கட்டையால் தட்டுவர். மெட்ராஸ் டெரஸ் என்று பொறியாளர்கள் அழைப்பது இதைத்தான். சுவருக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடலோர ஈரத்தையும் உப்பையும் சுண்ணாம்பு வாங்கித் திரும்ப விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, பூச்சு பொருக்காக உதிரும். புதுவையில் பல வீடுகள் இடியால் விழவில்லை. நல்லெண்ணத்தோடு பூசப்பட்ட சிமென்டால் நலிந்தன.

பிரெஞ்சுப் பகுதி வீடுகளைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. அவை வீதிக்கு முதுகு காட்டுபவை: உயர்ந்த மதில், வளைவு வாயில், உள்ளே தோட்டம், தூண் வரிசை. ஆயினும் சன்னல்களில் சாய்ந்த பலகைச் சட்டங்கள் வைத்து வெயிலை நிறுத்திக் காற்றை விடும் முறை அங்கும் உண்டு. பாரிசிலிருந்து வந்தவரும் சித்திரை மாதத்தில் இவ்வூர் வெயிலுக்குப் பணிந்தாக வேண்டும்.

கடற்கரைச் சாலையில் 1870-71-இல் கட்டப்பட்ட மேரி என்னும் நகர்மன்றக் கட்டடம் இருந்தது. பராமரிப்பின்றி நெடுநாள் கிடந்து, 2014 நவம்பர் 29 அன்று மழையில் சரிந்து விழுந்தது. இப்போது அங்கே நிற்பது அதே தோற்றத்தில் உலக வங்கி உதவியுடன் கட்டி 2021-இல் திறந்துவைக்கப்பட்ட புதிய கட்டடம். பீரங்கிகளுக்குத் தப்பி வாழ்வது ஒன்று. கூரையில் முளைத்த அரசஞ்செடியைப் பிடுங்க ஆளின்றி விழுவது வேறொன்று. புதிய மேரியைப் பார்க்கையில் நமக்கு மகிழ்ச்சியும் கூச்சமும் ஒருங்கே உண்டாகின்றன.

இனிக் கோல்கொண்டே. வரலாற்று ஆர்வலர் பலர் கவனியாமல் கடந்துசெல்லும் இடம் இது. காரணம், இது கான்கிரீட். அரவிந்தர் ஆசிரமத்தாரின் விடுதியாகிய இக்கட்டடத்தின் பணி 1937-இல் தொடங்கியது. ஹைதராபாத் சமஸ்தானத்தின் உயர்பதவியில் இருந்த சர் அக்பர் ஹைதரி பொருளுதவி செய்ததால், அந்நாட்டுக் கோல்கொண்டாவின் பெயர் வந்தது. வடிவமைத்தவர் தோக்கியோவில் பணியாற்றிய செக் நாட்டுப் பிறப்பினரான அன்தோனின் ரேமண்ட். உடன் நின்றவர்கள் முன்பு லெ கொர்புசியரிடம் பயின்ற பிரான்திசேக் சாமரும், பின்னாளில் மரத்தச்சுக் கலையால் புகழ்பெற்ற ஜார்ஜ் நகாஷிமாவும். சண்டிகர் என்ற நகரம் எண்ணத்திலும் தோன்றாத காலம் அது. உலகப் போரின் நெருக்கடிக்கிடையே ஆசிரமவாசிகளே தொழிலாளரோடு சேர்ந்து கட்டி முடித்தார்கள்.

முன்அனுமதி பெற்றுச் சென்றோம். படமெடுக்க அனுமதி இல்லை. அது நல்லதாயிற்று, கண்ணால் பார்த்தார்கள். கட்டடத்தின் வடக்கு, தெற்கு முகங்களில் கண்ணாடி இல்லை. சொல்லப்போனால் சன்னலே இல்லை. தரையிலிருந்து கூரை வரை கிடைமட்டப் பலகைகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. கைப்பிடியைத் திருகினால் ஒரு வரிசை முழுவதும் திறக்கும். மழை வந்தால் சாய்த்து மூடலாம். சுவர் முழுவதும் காலதர்! அறைக் கதவும் காற்றை மறிக்காத மரச்சட்டக் கதவே. கூரையில் தளத்துக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகளை அடுக்கி இடையே காற்றிடம் விட்டிருப்பதால் வெயிலின் சூடு அறைக்குள் இறங்குவதில்லை. ஆசிரமத்தார் தந்த பித்தளைப் பாத்திரங்களை உருக்கி வார்த்த கீல்களும் தாழ்களும் இன்றும் வேலை செய்கின்றன. உப்புக்காற்றில் எண்பது ஆண்டு நின்ற கான்கிரீட்டில் விரிசல் தேடினார் ஒரு மாணவி. நாள்தோறும் துடைத்துப் பேணும் கைகள் அங்கே இருக்கின்றன என்று உடன் வந்தவர் சொன்னார்.

தோக்கியோவிலிருந்து வந்த கட்டடக்கலைஞர் ஒருவர் ஓலை, ஓடு, முற்றம் எதையும் பார்த்தெழுதாமல், தமிழ் வீட்டின் விடையை வேறு மொழியில் எழுதியிருக்கிறார். அதே ஊரில் இன்று எழும் வணிக வளாகங்கள் முழுக்கக் கண்ணாடி அணிந்து, குளிரூட்டியின் நீரை நடைபாதையில் சொட்டிக்கொண்டு நிற்கின்றன. பழமை, புதுமை என்ற பிரிவினையை அன்று நாம் கைவிட்டோம். காற்றைக் கேட்டுக் கட்டியவை, கேளாமல் கட்டியவை என்று பிரிப்பதே தகும் எனப்பட்டது.

இவ்வளவு தெளிவும் மாலையில் கலைந்தது. தமிழ்ப் பகுதியில் நம் நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு இருக்கிறது. மூத்த மகன் பிரான்சில், இளையவர் சென்னையில்; நடுமகனாகிய நண்பரும் அவர் தாயாரும் இங்கே. இடித்துவிட்டு மூன்று அடுக்காகக் கட்டி ஆளுக்கொரு தளம் பிரித்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறது. "நீ தமிழ் வாத்தியார்தானே, அம்மாவிடம் பேசிப் பார், நீ சொன்னால் கேட்பார்கள்" என்று நண்பர் நம்மிடம் சொல்லியிருந்தார். எந்தப் பக்கம் பேச வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

திண்ணையில் எல்லோருக்கும் காப்பி வந்தது. நாம் மெல்ல முற்றத்தின் அருமையைத் தொடங்கினோம். அம்மையார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "நீங்க சொல்றதெல்லாம் சரிதான் சார். ஐப்பசி வந்தா நாலு எடத்துல ஒழுவுது. நீங்க பாத்துட்டுப் போயிடுவீங்க, ராத்திரில எழுந்து பாத்திரம் வைக்கிறவ நான்தான்" என்றார். சுண்ணாம்புத் தளம் போடத் தெரிந்த கொத்தனார் ஒருவர் இருந்தாராம். அவர் இறந்து ஆறு ஆண்டு ஆகிறதாம். அவர் மகன் டைல்ஸ் ஒட்டும் வேலைக்குப் போய்விட்டாராம்.

நம்மிடம் மறுமொழி இல்லை. மாணவர்களில் ஒருவர் அளவு நாடாவை எடுத்து, "அம்மா, வீட்டை ஒருதரம் அளந்துக்கலாமா?" என்று கேட்டார், ஃபேன் இருக்கிறதே என்று சொன்ன அதே மாணவர். அம்மையார் சிரித்துக்கொண்டே சாவிக்கொத்தை நீட்டினார். இருட்டும் வரை அளந்தார்கள். ரேழி, கூடம், முற்றம், அடுக்களை வரை ஏட்டில் ஏறிவிட்டன. மாடி மட்டும் எஞ்சியிருக்கிறது. படிக்கட்டு பலவீனமாக இருப்பதால் ஒவ்வொருவராகத்தான் ஏற வேண்டும் என்பதால், அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குள் மழை தொடங்கிவிடும்.