கப்பல்களில் பிக் பேண்ட் இசையும் நடனமும்

சாக்ஸபோன், ட்ரம்பெட், ட்ரோம்போன் வரிசைகளோடு பியானோ, பாஸ், டிரம்ஸ் சேர்ந்த, சுமார் 17 பேர் கொண்ட ஜாஸ் இசைக்குழுவே பிக் பேண்ட். 1930, 40களில் அமெரிக்க நடனக்கூடங்களை ஆண்ட இவ்விசை, அட்லாண்டிக் பயணக் கப்பல்களின் இரவுகளையும் நிறைத்தது. ஆனால் கப்பலில் வாசித்தவை பெரும்பாலும் சிறு குழுக்களே.

இவ்வரலாற்றின் உயிரான பகுதி, பிரிட்டிஷ் இசைக்குழுத் தலைவர் ஜெரால்டோ இரண்டாம் உலகப்போருக்குப் பின் குனார்ட் என்ற பயணக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்களுக்கு இசைஞர்களை அனுப்பியதுதான். ‘ஜெரால்டோவின் கடற்படை’ என்றே அவர்களை அழைத்தனர். அமெரிக்கக் குழுக்கள் பிரிட்டனில் வாசிக்க 1935 முதல் சுமார் இருபது ஆண்டுகள் கடும் கட்டுப்பாடு இருந்ததால், அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கர் போன்றோரை நேரில் கேட்க பிரிட்டிஷ் இளம் இசைஞர்களுக்கு இருந்த சிறந்த வழி கப்பல் வேலைதான். பிரிட்டிஷ் ஜாஸ் கலைஞர்கள் ரானி ஸ்காட், ஜான் டாங்க்வொர்த் இருவரும் அப்படிப் போனவர்களே. கடலில் பயணிகளுக்காக ஃபாக்ஸ்ட்ராட்டும் வால்ட்ஸும் வாசித்தார்கள்; நியூயார்க்கில் கப்பல் நின்றதும் 52ஆம் தெருவின் ஜாஸ் கிளப்புகளுக்கு ஓடினார்கள். பிரிட்டிஷ் நவீன ஜாஸ் இந்த ஓட்டத்துக்குப் பெரிதும் கடன்பட்டது.

ஆடுவோருக்குக் கடலே பெரும் சோதனை. அதிகம் உருளும் கப்பல் என்று பெயரெடுத்த, குனார்டின் குயின் மேரிக்கு 1958இல்தான் நிலைப்படுத்தும் துடுப்புகள் பொருத்தப்பட்டன. அதற்கு முன், தளம் சாயும் பக்கம் பார்த்தே ஜோடிகள் அடி வைக்கவேண்டியிருந்தது.

ஜெட் விமானங்கள் வந்தபின் அட்லாண்டிக் கப்பல்கள் குறைந்தன. நடனம் உல்லாசக் கப்பல்களுக்கு இடம்பெயர்ந்தது. பிரிட்டிஷ் இசைக்குழுத் தலைவர் ஜோ லாஸின் குழு குயின் எலிசபெத் 2 கப்பலில் வாசித்தது. துணையின்றி வரும் பெண்களோடு ஆடுவதற்கென்றே ஆண்களை அமர்த்தும் வழக்கமும் சில கப்பல்களில் உண்டு.